பெயர் ஒன்று, கணிப்பொறி இரண்டு!

தமிழ்நாட்டில் பாபநாசம் என்ற பெயரில் பலரும் அறிந்த ஊர்கள் இரண்டு உண்டு. ஒன்று, தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே, குடமுருட்டி பாயும் நெல்வயல்களுக்கு நடுவே இருக்கிறது. மற்றொன்று, திருநெல்வேலி மாவட்டத்தில், பொதிகை மலையின் அடிவாரத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. இசைப் புலவர் பாபநாசம் சிவன் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டது தஞ்சைப் பாபநாசத்தை. 2015-ஆம் ஆண்டு வெளிவந்த 'பாபநாசம்' திரைப்படத்தின் கதை நடப்பதோ நெல்லைப் பாபநாசத்தில்!

வெறுமனே 'பாபநாசம்' என்று மட்டும் எழுதி ஒரு கடிதத்தை அஞ்சல் பெட்டியில் போட்டால் அது எந்த ஊருக்குப் போகும்? இந்தியா முழுவதும் இப்படி ஒரே பெயர் கொண்ட ஊர்கள் ஏராளம். அஞ்சல் துறைக்கு இது பெரும் தலைவலியாக இருந்தது. இதற்கு மருந்தாகத்தான் 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்ற அதிகாரி. தஞ்சைப் பாபநாசத்தின் குறியீட்டு எண் 614205. நெல்லைப் பாபநாசத்தின் எண் 627 என்று தொடங்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் வேறு. குழப்பம் தீர்ந்தது!

இதே குழப்பம் கணிப்பொறிகளுக்கும் வருவதுண்டு. ஒரு வலைப்பின்னலில் இரண்டு கணிப்பொறிகள் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? கடிதம் ஊர் மாறிப் போனால் சில நாள் தாமதம், அவ்வளவுதான். ஆனால் கணிப்பொறி உலகில், நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணிப்பொறியின் உரிமைகளையெல்லாம் மற்றொன்று தன்னை அறியாமலே பறித்துவிடும். எப்படி என்று பார்ப்போமா?

பொதுக் களஞ்சியம்

தஞ்சைப் பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறையில், பாலைவனநாதர் கோயிலில், நாயக்கர் காலத்தில் செங்கல்லால் கட்டிய ஒரு பெரிய நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. நெல்லை ஆங்காங்கே சிறு குதிர்களில் போட்டு வைப்பதைவிட ஒரே இடத்தில் சேர்த்து வைத்தால் காவல் காப்பது எளிது. கணக்குப் பார்ப்பதும் எளிது.

கோப்புகளுக்கும் இது பொருந்தும். ஒரு பள்ளியின் கணிப்பொறி அறையில் 40 கணிப்பொறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாணவரும் தம் கட்டுரையைத் தாம் உட்கார்ந்த கணிப்பொறியிலேயே சேமித்தால், மறுநாள் வேறு கணிப்பொறியில் உட்காரும்போது கட்டுரை கிடைக்காது. ஆகவே எல்லாக் கோப்புகளையும் ஒரு மையக் கணிப்பொறியில் வைக்கிறார்கள். அதற்குச் 'சர்வர்' என்று பெயர். அதனிடம் கோப்பைக் கேட்டு வாங்கும் மற்றவற்றைக் கிளைக் கணிப்பொறிகள் என்று நாம் அழைக்கலாம்.

கிளையும் மையமும் கோப்பைப் பற்றிப் பேசிக்கொள்வதற்கு ஒரு பொதுமொழி வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் அப்படி ஒன்றை உருவாக்கி, 1985-இல் வெளியிட்டது. அதன் பெயர் 'நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்'. சுருக்கமாக என்.எஃப்.எஸ். தொலைவில் உள்ள கோப்பு தன் கணிப்பொறியிலேயே இருப்பதுபோல் மாணவருக்குத் தோன்றச் செய்வதே இதன் வேலை.

மறதிக்காரக் காவலர்

தொடக்க கால என்.எஃப்.எஸ்-இன் மையம் ஒரு மறதிக்காரக் காவலர் போன்றது. யார் வந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார் என்று எதையும் அது நினைவில் வைத்துக்கொள்ளாது. "இந்தக் கோப்பில் இந்த இடத்திலிருந்து இவ்வளவு எழுத்துகளைக் கொடு" என்று கிளை கேட்கும், மையம் கொடுக்கும், உடனே மறந்துவிடும்.

மறதி ஒரு குறை என்றுதான் நாம் நினைப்போம். இங்கே அது ஒரு நன்மை! மின்சாரம் போய் மையம் அணைந்து மீண்டும் எழுந்தாலும் எதுவும் கெடாது. கிளை அதே கேள்வியை மறுபடி கேட்டால் போதும். நினைவே இல்லாதவர் எதை இழக்க முடியும்?

ஆனால் இரண்டு பேர் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுத வந்தால்? "இப்போது நான் எழுதுகிறேன், நீ பொறு" என்று சொல்லக் கோப்புக்கு ஒரு பூட்டு வேண்டும். பூட்டைப் போட்டவர் யார் என்று நினைவில்லாத காவலரால் பூட்டை எப்படிக் காக்க முடியும்? ஆகவே முதலில், பூட்டு வேலைக்கென்று தனியாக ஒரு துணை ஏற்பாட்டை வைத்தார்கள். என்.எஃப்.எஸ்-இன் நான்காம் பதிப்பில்தான் பூட்டு உள்ளுக்குள்ளேயே வந்தது. இதன் விதிகள் முதலில் 2000-ஆம் ஆண்டில் வெளியாயின. பின்னர் 2003-இலும் 2015-இலும் திருத்தி எழுதப்பட்டன. 4.1 என்னும் பதிப்பு 2010-இல் வந்தது.

மறதிக்காரக் காவலர் போய், நினைவுள்ள கணக்குப்பிள்ளை வந்தார். நம் கதையும் இங்கேதான் தொடங்குகிறது.

குத்தகையும் பதிவேடும்

நினைவு வைத்துக்கொள்வதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு கிளை பூட்டைப் போட்டுவிட்டுத் திடீரென்று அணைந்துபோனால், அந்தப் பூட்டை யார் திறப்பது? கோப்பு என்றென்றைக்கும் பூட்டியே கிடக்குமே!

இதற்குக் கண்டுபிடித்த வழியின் பெயர், காவிரி டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்: குத்தகை! நிலம் குத்தகைக்காரருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. குறித்த காலத்துக்கு அதை உழுது பயிரிடும் உரிமை மட்டும் அவருக்கு உண்டு. அதுபோலவே மையமும் பூட்டுகளைக் குத்தகைக்குத்தான் விடுகிறது. லினக்ஸ் இயங்கும் மையங்களில் வழக்கமான குத்தகைக் காலம் 90 விநாடிகள். அதற்குள் கிளை "நான் இருக்கிறேன்" என்று ஒரு குரல் கொடுத்தால் குத்தகை நீடிக்கும். காலம் முடிந்தும் குரல் வராவிட்டால், "இந்தக் கிளை இனி வராது" என்று கருதி, பூட்டுகளைப் பிறருக்குக் கொடுக்க மையத்துக்கு உரிமை உண்டு.

நிலக் குத்தகையில் பதிவேடு எவ்வளவு முக்கியம் என்று டெல்டா விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் எழுதி வைப்பதற்கென்றே 1969-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. இன்னாருக்கு, இன்ன நிலத்தில் உரிமை உண்டு என்று எழுதி வைத்தால்தான் பிற்காலத்தில் வழக்கு வராது.

'இன்னார்' என்பதை எப்படி எழுதுவது? ஒரே ஊரில் இரண்டு கோவிந்தசாமிகள் இருந்தால் வெறும் பெயர் போதாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைச் சேர்ப்பார்கள். அதுவும் ஒன்றாக இருந்தால் 'மேலத்தெரு கோவிந்தசாமி', 'கீழத்தெரு கோவிந்தசாமி' என்பார்கள். மையக் கணிப்பொறியின் பதிவேட்டுக்கும் இதே தேவை உண்டு.

இரண்டு அடையாளங்கள்

கிளை முதன்முதலாக மையத்திடம் வரும்போது இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது நான்காம் பதிப்பின் விதி.

முதலாவது, பெயர். இது ஒரு எழுத்துத் தொடர். 1,024 பைட்டுகள் வரை நீளலாம். கிளை அணைந்து மீண்டும் எழுந்தாலும் இந்தப் பெயர் மாறக்கூடாது.

இரண்டாவது, எட்டு பைட்டு நீளமுள்ள ஓர் எண். இதை 'வெரிஃபையர்' என்கிறார்கள். நாம் இதற்கு 'விழிப்பு எண்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஏனென்றால், கிளை ஒவ்வொரு முறை அணைந்து விழித்தெழும்போதும் இந்த எண் மாற வேண்டும். பெரும்பாலும் கிளை விழித்த நேரத்தையே இந்த எண்ணாக வைத்துக்கொள்வார்கள்.

பாருங்கள், ஒன்று மாறவே கூடாது. மற்றொன்று மாறியே ஆக வேண்டும்! எதற்காக இந்த ஏற்பாடு?

மையம் எப்படி முடிவு செய்கிறது என்று கவனியுங்கள். ஒரு பெயர் வருகிறது. அது பதிவேட்டில் இல்லாவிட்டால், 'புதிய கிளை' என்று எழுதி, அதற்கு ஒரு சீட்டு எண்ணைக் கொடுக்கிறது. பெயரும் விழிப்பு எண்ணும் பதிவேட்டில் உள்ளபடியே இருந்தால், 'பழைய கிளைதான் மறுபடி கேட்கிறது' என்று கொள்கிறது. பெயர் அதே, விழிப்பு எண் மட்டும் வேறு என்றால்? 'இந்தக் கிளை அணைந்து மீண்டும் எழுந்திருக்கிறது. அணைந்தபோதே தன் பூட்டுகளை மறந்திருக்கும். அவை இனி யாருக்கும் உதவா' என்று முடிவு செய்து, பழைய பூட்டுகளை உடனே நீக்கிவிடுகிறது. புதிய சீட்டு எண்ணைக் கொடுக்கிறது.

மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு இது. 90 விநாடி காத்திருக்காமலே பழைய பூட்டுகள் ஒழிந்துவிடுகின்றன. ஆனால் இது முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது: ஒரு பெயர் ஒரே ஒரு கணிப்பொறிக்குத்தான் உரியது என்ற நம்பிக்கை. அது பொய்த்துப்போனால்?

ஓயாத பந்தாட்டம்

நம் பள்ளியின் கணிப்பொறி அறைக்கு வருவோம். 40 கணிப்பொறிகளிலும் ஒவ்வொன்றாக மென்பொருளை ஏற்றுவது பெரிய வேலை. ஆகவே ஒன்றில் மட்டும் எல்லாவற்றையும் ஏற்றி, அதன் வட்டை அப்படியே மற்ற 39-க்கும் படியெடுத்துவிட்டார்கள் என்று கொள்வோம். இப்படிச் செய்வது உலகெங்கும் வழக்கம்தான். ஆனால் வட்டைப் படியெடுக்கும்போது அதில் எழுதியிருந்த கணிப்பொறியின் பெயரும் சேர்ந்தே படியாகிறது! முதல் கணிப்பொறியின் பெயர் 'மாணவர்' என்றால், இப்போது 40-க்கும் பெயர் 'மாணவர்'.

காலை 9 மணி 50 நிமிடத்துக்குக் கவிதா ஒரு கணிப்பொறியை இயக்குகிறாள். அது மையத்திடம் போய், "என் பெயர் மாணவர்; விழிப்பு எண் 9-50" என்கிறது. மையம் பதிவு செய்துகொண்டு, சீட்டு எண் 101-ஐக் கொடுக்கிறது. வகுப்பு முழுவதும் சேர்ந்து எழுதும் 'நெல் ரகங்கள்' என்ற கோப்பைக் கவிதா பூட்டிக்கொண்டு எழுதத் தொடங்குகிறாள்.

10 மணி 10 நிமிடத்துக்குச் செல்வம் மற்றொரு கணிப்பொறியை இயக்குகிறான். "என் பெயர் மாணவர், விழிப்பு எண் 10-10" என்கிறது அது. மையம் பதிவேட்டைப் புரட்டுகிறது. பெயர் இருக்கிறது, விழிப்பு எண் வேறு. 'ஓகோ, மாணவர் அணைந்து மீண்டும் எழுந்துவிட்டார்' என்று எண்ணிக் கவிதாவின் பூட்டை நீக்குகிறது. செல்வத்தின் கணிப்பொறிக்குச் சீட்டு எண் 102 கிடைக்கிறது.

கவிதாவுக்கு இது தெரியாது. அவள் கணிப்பொறி 101-ஆம் சீட்டைக் காட்டி எழுத முயல்கிறது. "அப்படி ஒரு சீட்டே இல்லையே!" என்கிறது மையம். கவிதாவின் கணிப்பொறி என்ன நினைக்கும்? 'மையம் அணைந்து எழுந்து எல்லாவற்றையும் மறந்துவிட்டது போலும்' என்று நினைத்து, மறுபடியும் பதிவு செய்யப் போகிறது: "என் பெயர் மாணவர்; விழிப்பு எண் 9-50."

மையம் பதிவேட்டைப் பார்க்கிறது. இருப்பது 10-10, வந்திருப்பது 9-50. வேறு எண்! 'மாணவர் மறுபடியும் அணைந்து எழுந்துவிட்டார்' என்று இப்போது செல்வத்தின் பூட்டுகளை நீக்குகிறது. சற்று நேரத்தில் செல்வத்தின் கணிப்பொறி தன் சீட்டு செல்லாமல் போனதைக் கண்டு மீண்டும் பதிவு செய்யப் போகிறது. கவிதாவின் உரிமை போகிறது. பிறகு மறுபடியும் செல்வத்தின் உரிமை. இந்தப் பந்தாட்டத்துக்கு முடிவே இல்லை.

இதற்கிடையே, சரியான தனிப்பெயர் கொண்ட மூன்றாவது கணிப்பொறி ஒன்று வந்து 'நெல் ரகங்கள்' கோப்பைக் கேட்டால், பூட்டு இல்லாததால் மையம் அதனிடம் கொடுத்துவிடும். கவிதா அரைமணி நேரம் பாடுபட்டு எழுதியதைச் சேமிக்க முயலும்போது மையம் மறுத்துவிடும்.

இதில் தவறு செய்தது யார்? கவிதாவின் கணிப்பொறி விதிப்படி நடந்தது. செல்வத்தின் கணிப்பொறியும் விதிப்படி நடந்தது. மையமும் விதியை ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. மூவரும் சரியாக நடந்தும் வேலை கெட்டது! ஏனென்றால் மூவரும் நம்பிய பெயர் சரியில்லை.

மையம் ஏன் கண்டுபிடிக்கக்கூடாது?

இந்த இடத்தில் உங்களில் சிலருக்கு ஒரு கேள்வி எழும். '9-50 என்பது 10-10-க்கு முந்திய நேரம். அணைந்து எழுந்த கணிப்பொறியின் விழிப்பு நேரம் முன்னோக்கித்தானே போக வேண்டும்? எண் பின்னோக்கிப் போவதைப் பார்த்தே மையம் சந்தேகப்படலாமே!'

நல்ல கேள்வி. ஆனால் விழிப்பு எண் நேரமாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. ஒரு கிளை நேரத்தை வைக்கலாம். வேறொரு கிளை ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கல் முறையில் எடுத்து வைக்கலாம். ஆகவே மையம் அந்த எண்ணின் பொருளை ஆராயக்கூடாது. 'முன்பு இருந்ததுவும் இதுவும் ஒன்றா, வேறா' என்று மட்டும் பார்க்கலாம்.

'பெயரை விட்டுவிட்டு வலைப்பின்னல் முகவரியைப் பார்த்தால் என்ன?' என்றும் கேட்கலாம். அதுவும் பயன்படாது. மடிக்கணிப்பொறியை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு எடுத்துப்போனால் முகவரி மாறலாம். அதே கணிப்பொறி, வேறு முகவரி! இன்னொரு பக்கம், பல கணிப்பொறிகள் ஒரே இணைப்புக் கருவியின் பின்னால் இருந்தால், வெளியே உள்ள மையத்துக்கு எல்லாவற்றின் முகவரியும் ஒன்றாகவே தெரியலாம். வீடு மாறினாலும் ஆள் மாறுவதில்லை. ஒரே வீட்டில் பலர் குடியிருப்பதும் உண்டு. முகவரி வேறு, ஆள் வேறு.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. எந்தக் கணிப்பொறியும் நின்றுபோகாது. எதிலும் புகை வராது. வேலை மட்டும் மெதுவாக நடக்கும். அவ்வப்போது சேமிக்க முடியாமல் போகும். கவிதாவின் கணிப்பொறியைத் தனியாக இயக்கிச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்! இரண்டும் சேர்ந்து இயங்கும்போதுதான் கோளாறு தலைகாட்டும். ஆகவே பலர் கம்பியைச் சந்தேகிப்பார்கள், மையத்தைச் சந்தேகிப்பார்கள். பெயரைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது.

நல்ல பெயரின் இலக்கணம்

அப்படியானால் தீர்வு என்ன? ஒவ்வொரு கிளைக்கும் தனிப்பெயர் வைக்க வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட பெயர்?

40 கணிப்பொறிகளுக்கும் குலுக்கல் முறையில் 000 முதல் 999 வரை ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்தால் போதுமா? ஆயிரம் எண்களில் நாற்பதுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கணிப்பொறிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 40 × 39 ÷ 2 = 780 ஜோடிகள் வரும். ஒவ்வொரு ஜோடியும் ஒரே எண்ணைப் பெற ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. இத்தனை ஜோடிகள் இருப்பதால், எங்கேயாவது ஒரு மோதல் நேரும் வாய்ப்பு பாதிக்கும் மேலே போய்விடுகிறது! 23 பேர் கூடியிருக்கும் அறையில் யாராவது இருவரின் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் மேல் என்ற புகழ்பெற்ற கணக்கும் இதுவே.

ஆகவே கணிப்பொறி வல்லுநர்கள் மிக நீளமான எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். 'யு.யு.ஐ.டி.' எனப்படும் அடையாள எண் 128 பிட் நீளமுள்ளது. அதன் ஒரு வகையில் 122 பிட்டுகள் குலுக்கலில் கிடைப்பவை. இதனால் உண்டாகும் வெவ்வேறு எண்கள் எத்தனை தெரியுமா? 5 என்று எழுதி அதன்பின் 36 சுழிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அவ்வளவு! உலகிலுள்ள எல்லாக் கணிப்பொறிகளும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டாலும், இரண்டு மோதும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் நீளம் மட்டும் போதாது. இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு.

முதல் எச்சரிக்கை: எண்ணை எப்போது எடுக்கிறோம் என்பது முக்கியம். வட்டைப் படியெடுப்பதற்கு முன்பே எண்ணை எடுத்து வட்டில் எழுதிவிட்டால், அந்த அருமையான எண்ணும் 40 கணிப்பொறிகளுக்கும் படியாகிவிடும்! லினக்ஸ் கணிப்பொறிகள் பலவற்றில் 'மெஷின் ஐடி' என்ற 128 பிட் எண்ணை ஒரு கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். படியெடுப்பதற்கு முன் அந்தக் கோப்பைக் காலி செய்துவிட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு படியும் முதன்முறை எழும்போது தனக்கென்று ஒரு புதிய எண்ணை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது எச்சரிக்கை: ஒருமுறை எடுத்த எண்ணைப் பத்திரமாகக் காக்க வேண்டும். ஒவ்வொரு முறை எழும்போதும் புதிய பெயரைச் சூடிக்கொண்டு வந்தால், மையம் அதை முன்பின் அறியாத புதிய கிளை என்றே எண்ணும். பழைய பெயரில் போட்ட பூட்டுகள் குத்தகைக் காலம் தீரும்வரை அப்படியே கிடக்கும். தன் பூட்டு தனக்கே தடையாகிவிடும்! சொந்த வட்டு இல்லாமல், வலைப்பின்னலிலிருந்தே மென்பொருளைப் பெற்று எழும் கணிப்பொறிகளுக்கு இந்தச் சங்கடம் உண்டு. இவற்றுக்கு நிர்வாகிதான் நிலையான பெயரை ஒதுக்கித் தர வேண்டும்.

லினக்ஸில் இயங்கும் கிளை, வேறு ஏற்பாடு செய்யாவிட்டால், கணிப்பொறிக்கு நாம் வைத்த பெயரையே தன் அடையாளத்தில் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பெயரோடு தனி எண் ஒன்றையும் சேர்க்க அதில் வழி செய்திருக்கிறார்கள். ஒரே கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகள் இருப்பதுபோல் இயங்கும் 'கன்டெய்னர்' முறை பெருகியபின் இதன் தேவை இன்னும் கூடிவிட்டது. அங்கேயும் படியெடுப்பதே வழக்கமாகையால், ஒரே பெயர் பலருக்கும் எளிதில் வந்துவிடுகிறது.

பெயரைச் சொன்னால் போதுமா?

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பெயரைச் சொல்பவரிடம் "நீதான் அவர் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்பது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1980-களில் உருவான 'கெர்பரோஸ்' என்ற முறை இதைச் செய்கிறது. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் இது. இந்த முறையில் ஒவ்வொரு கிளைக்கும் ஓர் இரகசியச் சாவி உண்டு. ஒரு கிளை உரிமையோடு இருக்கும்போது, வேறு சாவி உள்ள மற்றொன்று அதே பெயரைச் சொல்லி வந்தால், மையம் பூட்டுகளை நீக்காது. "இந்தப் பெயர் ஏற்கனவே பயன்பாட்டில் உள்ளது" என்று சொல்லி வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடும்.

குழப்பம் அப்போதும் தீர்ந்துவிடுவதில்லை. வந்தவருக்கு இடம் இல்லையே! ஆனால் எங்கே குழப்பம் என்பது வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. ஓசையின்றி நடக்கும் தவறைவிட, உரக்கச் சொல்லும் மறுப்பு எவ்வளவோ மேல். கவிதாவின் பூட்டும் பிழைத்தது. செல்வத்தின் கணிப்பொறிக்குப் பெயர் மாற்ற வேண்டும் என்பதும் உடனே தெரிந்தது.

செய்து பாருங்கள்

இதை வகுப்பிலேயே விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். நான்கு பேர் வேண்டும். ஒருவர் மையம், அவர் கையில் ஒரு குறிப்பேடு. மூவர் கிளைகள். மேசையின்மேல் ஒரு புத்தகம், அதுதான் கோப்பு.

மையம் பின்பற்ற வேண்டிய விதிகள் மூன்று. பெயர் புதிதானால் எழுதிக்கொண்டு சீட்டு கொடு. பெயரும் எண்ணும் அதே என்றால் பழைய சீட்டையே கொடு. பெயர் அதே, எண் வேறு என்றால் பழைய சீட்டையும் பூட்டையும் அடித்துவிட்டுப் புதிய சீட்டு கொடு. கிளைகளுக்கு விதி ஒன்றுதான்: சீட்டு செல்லாது என்றால், அதே பெயரையும் எண்ணையும் சொல்லி மறுபடி பதிவு செய்.

முதல் ஆட்டத்தில் மூவருக்கும் வெவ்வேறு பெயர் கொடுங்கள். இரண்டாவது ஆட்டத்தில் இருவருக்கு ஒரே பெயரும் வெவ்வேறு எண்களும் கொடுங்கள். மையமாக இருப்பவர் கிளைகளின் முகத்தைப் பார்க்கக்கூடாது; துண்டுக் காகிதத்தில் எழுதியதை மட்டுமே பார்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் எத்தனை சீட்டுகள் அடிபட்டன என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது ஆட்டத்தில் அந்த இருவருக்கும் பெயரோடு எண்ணையும் ஒன்றாகவே கொடுத்துவிடுங்கள். இப்போது சண்டையே நடக்காது! ஆனால் இருவரும் ஒரே சீட்டோடு ஒரே புத்தகத்தில் எழுதத் தொடங்குவார்கள். எது அதிக ஆபத்து: சண்டையா, சண்டை இல்லாமையா? உங்கள் நண்பர்களோடு விவாதித்துப் பாருங்கள்.

பெயர் என்பது அழைப்பதற்கு வசதியான ஒன்று. 'பாபநாசம்' என்று சொன்னால் பேருந்து நிலையத்தில் எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் உரிமை, கணக்கு, பூட்டு என்று வரும்போது வசதி மட்டும் போதாது. அந்தப் பெயர் ஒருவருக்கே உரியதாக இருக்க வேண்டும். காலம் சென்றாலும் மாறாமல் இருக்க வேண்டும். கேட்டால் மெய்ப்பிக்கவும் முடிய வேண்டும். உங்கள் பள்ளி வருகைப் பதிவேடு, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அது எதற்காக என்பது இனி உங்களுக்கு விளங்கும்.